ஒரு கெஜத் தப்படி

வைத்தீஸ்வரனின் ஒரு தப்படி சரியாக ஒரு கெஜம், அதாவது மூன்றடி. இதைப் பெருமைக்காகச் சொல்வதில்லை என்பார். ஆனால் அவரோடு பத்து நிமிஷம் பேசிய எவருக்கும் இது தெரியாமல் போனதில்லை. துறைமுகத்தின் வரைபடப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம். ஆற்றின் ஆழத்தை யாரோ அளந்துவந்து கொடுப்பார்கள். அந்த எண்களைப் படத்தில் ஏற்றுவது இவர் வேலை. ஓர் எண் பிசகினால் ஒரு கப்பல் மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிடும். இவர் எழுதிய எண்ணால் எந்தக் கப்பலும் உட்காரவில்லை. ஆளும் அளவுகோல் மாதிரி ஒல்லியாக, விறைப்பாக இருப்பார். வேட்டிக் கரை நேராக விழாவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள் 1993-இல் ஒரு குதிரை நுழைந்தது. வங்காளத்துக்கு வந்து லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியேறிய தஞ்சாவூர்க்காரர்களில் யாரும் அதுவரை குதிரைமேல் ஏறியதாகத் தகவல் இல்லை. பெண் குழந்தை என்றால் பாட்டு, பரதநாட்டியம், மிஞ்சிப்போனால் டேபிள் டென்னிஸ். மாசி என்று எல்லாரும் கூப்பிடும் மாடிவீட்டு வங்காளி மாமி தன் பெண்ணை டாலிகஞ்சில் ஒரு ரைடிங் ஸ்கூலில் சேர்க்கப் போனபோது, துணைக்கு இவர் மகள் பிரியம்வதாவையும் அழைத்துப்போனாள். மாசியின் பெண் குதிரையைக் கண்டு பயந்து அழுதது. பிரியம்வதா ஏறி உட்கார்ந்தவள், இறங்கமாட்டேன் என்று அழுதாள். ஒன்பது வயசு.

"ஒரு மாசம் போகட்டும், அலுத்துடும்" என்றாள் அவள் அம்மா வசந்தி.

அலுக்கவில்லை. மாசியின் பெண் பாட்டு வகுப்புக்குப் போய்விட்டது. இவர்கள் மூன்று பேரும் விடியற்காலை முதல் டிராமைப் பிடித்து டாலிகஞ்ச் போகும் குடும்பமாகிவிட்டார்கள். பன்னிரண்டு வயசில் அவளைத் தடை தாண்டும் பயிற்சியில் சேர்த்தார்கள். பதினான்கில் பாதல் என்ற சாம்பல் நிறக் குதிரையை அவளுக்கென்று ஒதுக்கினார்கள். ரேஸில் ஓடி ஓய்ந்து ஸ்கூலுக்கு வந்த குதிரை. சொந்தக் குதிரை இல்லை. ஆனால் மற்றவர்கள் ஏறினால் பாதல் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நகராமல் நிற்கும் என்பதால், சொந்தம் மாதிரிதான்.

குதிரை தாண்டுவது குதிரையும் ஓட்டுபவளும் மட்டும் செய்கிற காரியமில்லை என்பது வசந்திக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. போட்டி என்றால் குதிரையின் பிடரிமயிரைப் பின்னி முடிபோட வேண்டும். ஸ்கூலில் இதைச் செய்கிற லாயக்காரர் இத்ரிஸ் பின்னியதைப் பார்த்துவிட்டு, "இப்படியா பின்னறது, மாட்டு வால் மாதிரி இருக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கையிலிருந்து நூலைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவள் வேலை. ஹெல்மெட்டுக்காக மகளின் நீளமுடியை வெட்டியாகிவிட்டது. மகளுக்குப் பின்ன முடியாததைப் பாதலுக்குப் பின்னினாள், பதின்மூன்று முடிச்சு, கறுப்பு நூலால். கடைசியில் முன்நெற்றி மயிரைத் தூக்கி, நடுவர் கண்ணில் படாத இடத்தில் ஒரு பொட்டு குங்குமம். பாதல் தலையைக் குனிந்து காட்டும்.

வைத்தீஸ்வரனுக்குக் குதிரையைத் தொட பயம். வயசானபின் அதை ஒப்புக்கொண்டிருப்பார்; அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு வேலை கிடைத்தது.

போட்டி தொடங்குவதற்கு முன்னால் பதினைந்து நிமிஷம் களத்தைத் திறந்துவிடுவார்கள். குதிரை இல்லாமல், காலால் நடந்து, ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே எத்தனை தூரம் என்று அவரவர் அளந்துகொள்ள வேண்டும். மனிதனின் நாலு தப்படி குதிரையின் ஒரு பாய்ச்சல். தாண்டி இறங்க இரண்டு தப்படி, அடுத்ததுக்கு எழும்ப இரண்டு தப்படி. இந்த நாலைத் தள்ளிவிட்டு மீதியை நாலால் வகுத்தால் நடுவில் எத்தனை பாய்ச்சல் என்று வந்துவிடும். இருபத்துநாலு தப்படி என்றால் ஐந்து பாய்ச்சல், சொகுசு. இருபத்தெட்டு என்றால் ஆறு, அதுவும் சொகுசு. இருபத்தாறு இரண்டுங்கெட்டான். ஐந்தாக நீட்டுவதா, ஆறாகச் சுருக்குவதா என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு போக வேண்டும். அரைப் பாய்ச்சல் பிசகினால் குதிரை எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பாது.

ஒன்பது வயசுப் பெண்ணின் கால் ஒரு கெஜம் வைக்குமா? ஆரம்பத்தில் தரையில் போட்ட கம்புகளுக்கு நடுவே அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் அடியோடு அடி சேர்த்து, பாதி நடையும் பாதி குதிப்புமாக வருவாள். அவர் எண்ணிக்கொண்டே போவார். கடைசியில் எண்ணை மட்டும் சொல்வார். எப்படி ஓட்டுவது என்பது அவள் பாடு.

"இருபத்துநாலு."

"சரிப்பா."

அவ்வளவுதான் பேச்சு. வருஷங்கள் போயின. அவள் அவர் தோளுக்கு வளர்ந்தாள், கால் நீண்டது, தனியாகவே கெஜம் வைக்கலாம். மற்ற பிள்ளைகள் தாங்களே நடந்து அளந்தார்கள். இவர்கள் மட்டும் கல்யாண ஊர்வலத்தில் போகிறவர்கள் மாதிரி கை கோத்துக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வைத்தீஸ்வரனுக்கு உள்ளூர ஒரே பூரிப்பு. ஆபீசில் ஆயிரம் எண் எழுதியிருக்கிறார். ஒன்றுக்கும் யாரும் "சரிப்பா" என்று சொன்னதில்லை.

2000 டிசம்பரில் ஒரு சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு முருங்கைக்காயோடு வந்தார். கதவைத் திறந்த வசந்தி அவர் காலைப் பார்த்தாள்.

"இன்னொரு செருப்பு எங்கே?"

"எந்தச் செருப்பு?"

"ஒரு கால்ல செருப்பே இல்லாம வந்திருக்கேள். தெரியலையா உங்களுக்கு?"

தெரியவில்லை. உள்ளங்காலில் கல் குத்தி ரத்தம் வந்திருந்தது, அதுவும் தெரியவில்லை. ஆறு வருஷமாகச் சர்க்கரை. குளிர்காலம் வந்தால் வெல்லச் சந்தேஷ் என்ற இனிப்பு வேறு. கால் மரத்துப்போவதுண்டு என்று டாக்டர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. வசந்தி ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்துவிட்டு மஞ்சள் வைத்துக் கட்டினாள். அவர் காலைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருக்கு வேறொரு சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் ஞாயிறு. மொட்டைமாடிக்கு டேப்பும் சாக்பீஸுமாகப் போனார். பத்து கெஜம் அளந்து கோடு போட்டார். நடந்தார். பத்தாவது தப்படியில் நின்று பார்த்தால் கோடு இன்னும் முக்கால் கெஜம் தள்ளி இருந்தது. மறுபடி நடந்தார். வேண்டுமென்றே எட்டி வைத்துப் பார்த்தார். கால் எங்கே விழுகிறது என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது, ஒருமுறை நீளம், ஒருமுறை குட்டை. பழக்கமாக நடந்தால் மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே முக்கால் கெஜம் குறைந்தது. எத்தனை மாதமாக இப்படி? எத்தனை போட்டியில் தப்பு எண் சொல்லியிருக்கிறார்? அவளோ அந்த வருஷம் முழுக்க நன்றாகத்தான் தாண்டியிருந்தாள். பாதலின் சாமர்த்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பரவாயில்லைப்பா என்பாள், அப்புறம் தனியாக நடந்துகொள்வாள். இவர் வேலிக்கு வெளியே தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதைத் தாங்க அவருக்கு மனசு வரவில்லை. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. குறையும் அளவுதான் தெரிந்துவிட்டதே, வாயால் சொல்வதற்கு முன் மனசுக்குள் கழித்துக்கொண்டால் போயிற்று என்று முடிவுசெய்தார். இருபது சொச்சத்துக்கு இரண்டு. மொட்டைமாடியில் இருபது தடவை நடந்து, கழித்துப் பார்த்து, சரியாக வந்ததும் சாக்பீஸ் கோட்டைத் தண்ணீர் ஊற்றி அழித்தார்.

2001 ஜனவரியில் ஷோ என்கிற பெரிய போட்டி. கிழக்குப் பகுதி அணிக்கு ஜூனியர் பிரிவில் தேர்வாக அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். பனி விலகாத காலை. வசந்தி விரல் விறைக்க விறைக்கப் பதின்மூன்று முடிச்சும் போட்டாள். குங்குமம் வைத்தாள். களம் திறந்ததும் அப்பாவும் மகளும் கைகோத்துக்கொண்டு நடந்தார்கள். ஐந்தாவது தடையிலிருந்து ஆறாவது தடை வரைக்கும் அவர் கால் இருபத்தெட்டு எண்ணியது. ஆறாவது, முன்னும் பின்னுமாக இரண்டு கம்பு வைத்த அகலமான தடை. அவர் நின்றார். இரண்டைக் கழித்தார்.

"இருபத்தாறு."

"சரிப்பா."

அவள் ஓடும்போது வைத்தீஸ்வரன் ஒருநாளும் பார்த்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு குளம்புச் சத்தத்தை எண்ணுவார். வசந்திதான் பார்ப்பாள், அவர் சட்டைக் கையைக் கசக்கிக்கொண்டு. அன்றைக்கும் அப்படித்தான். ஐந்தாவது தடையில் இறங்கிய சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. அப்புறம் கம்பு முறிகிற சத்தம். அதற்கப்புறம் எண்ணுவதற்கு ஒன்றும் வரவில்லை.

பாதல் அரைப் பாய்ச்சல் முன்னாலேயே எழும்பியிருக்கிறது. பின்கம்பில் முன்னங்கால் மாட்டித் தலைகுப்புற விழுந்திருக்கிறது. பிரியம்வதா ஒரு பக்கம் தூக்கி எறியப்பட்டாள். தோளருகே காறை எலும்பு முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. பாதலின் முன்னங்கால் முறிந்திருந்தது. குதிரைக்குக் கால் முறிந்தால் பிழைக்கவிடமாட்டார்கள் என்பது இந்த எட்டு வருஷத்தில் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாலு பேர் பச்சைத் துணியைத் திரையாகப் பிடித்தார்கள். இத்ரிஸ் உள்ளே போய் அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் அடுத்த பெயரைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள்.

வசந்தி அழுதாள். வைத்தீஸ்வரனுக்கு அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. இருபத்தாறு, இருபத்தெட்டு என்று இரண்டு எண்கள்தான் மாறி மாறி வந்தன. பதற்றத்தில் இன்றைக்கு எட்டி வைத்துவிட்டேனோ? இருபத்தெட்டே நிஜமாக இருந்திருந்தால்? கழித்துச் சொன்னதால்தானோ? ஆஸ்பத்திரியில் மகளுக்குக் கட்டுப்போட்டபின், டேப்பை எடுத்துக்கொண்டு களத்துக்குத் திரும்பி வந்தார். போட்டி முடிந்து கம்புகளைக் கழற்றி லாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தடை இருந்த இடத்தில் மரத்தூள் மட்டும் கொட்டிக்கிடந்தது.

அப்புறம் ஏழு வருஷம். சொல்வதற்கு நிறைய இருக்க வேண்டிய வருஷங்கள்தான், பார்த்தால் ஒன்றுமில்லை. குதிரையைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, யாரும் பேசவுமில்லை. காறை எலும்பு கூடியதும் இத்ரிஸ் வீடு தேடி வந்து, புதிதாக ஒரு குதிரை வந்திருக்கிறது, வா மகளே என்றார். "பரீட்சை இருக்கு" என்றாள் அவள். பரீட்சை முடிந்து ஜாதவ்பூரில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள். முடியை வளர்த்தாள், வசந்தி பின்னிவிட வந்தால், தானே பின்னிக்கொள்கிறேன் என்றாள். கறுப்பு நூல் கண்டு தையல் டப்பாவில் அப்படியே கிடந்தது. வைத்தீஸ்வரன் ரிடையர் ஆனார். பேப்பர் படித்தார். சாப்பிட்டார். டாலிகஞ்ச் போகும் டிராமில் ஏறாமல் இருக்க, பொருந்தாத பஸ்ஸிலெல்லாம் சுற்றிக்கொண்டு போனார். அவர் கால் மரத்துப்போனதையாவது வசந்தி கண்டுபிடித்தாள். மற்றது மரத்துப்போனதைக் கண்டுபிடிக்க அந்த வீட்டில் ஆளில்லை, எல்லாருக்கும் அதே வியாதி.

அவர் மனசுக்குள் இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். பாதலைக் கொன்றது என் எண். இது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

2008-இல் கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவில்லை. பிரியம்வதாதான் லீவு போட்டு ஜாதவ்பூரில் ஒரு டாக்டரின் சேம்பருக்கு அழைத்துப்போனாள். சின்னப் பையன் போலிருந்த டாக்டர் ஊசிமுனையால் உள்ளங்காலில் இங்கே, இங்கே என்று குத்திக் காட்டிக் கேட்டார். எங்கேயும் இல்லை.

"எத்தனை நாளாக உணர்ச்சி இல்லை, மேஷோமஷாய்?" என்று மரியாதையாக முறை வைத்து வங்காளியில் கேட்டார்.

வைத்தீஸ்வரன் எண் விஷயத்தில் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுகிற ஆள். "தெரியவந்தது 2000 டிசம்பரில்" என்றார். "பத்தாம் தேதி. அளந்து பார்த்தேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் பிரியம்வதா பையின் வாரைப் பிடித்த கை பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வெளியே நீண்ட நடையில் நோயாளிகளுக்கான பெஞ்சு போட்டிருந்தது. மருந்துச் சீட்டு தயாராகும் வரை அங்கே உட்காரச் சொன்னார்கள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"டிசம்பர்னா, அந்த ஷோவுக்கு முன்னாடி."

"ம்."

"அப்போ உங்களுக்கே தெரியுமா? அடி குறைஞ்சு போச்சுன்னு?"

அவர் தலையாட்டினார்.

"எனக்கு அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும்ப்பா" என்றாள் அவள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "கையைப் பிடிச்சுண்டு கூடவே நடக்கறவளுக்குத் தெரியாதா? நீங்க சின்னதா வெச்சா நானும் சின்னதாத்தானே வெக்கணும். நீங்க சொல்றதுல ரெண்டு குறைச்சுண்டு ஓட்டுவேன். அந்த வருஷம் பூரா அப்படித்தான்."

"என்கிட்ட சொல்லலையே."

"சொன்னா நீங்க வர மாட்டேள். வெளில தண்ணி பாட்டிலை வெச்சுண்டு நிப்பேள். எனக்கு அது வேண்டாம்னு இருந்தது."

வைத்தீஸ்வரன் எதிர்ச்சுவரைப் பார்த்தார். அவர் மனசு, தன்னிச்சையாக, நாற்பது வருஷப் பழக்கத்தில், கணக்கைப் போட்டுவிட்டது. நான் இரண்டு கழித்து இருபத்தாறு என்றேன். அவள் அதிலிருந்து இன்னும் இரண்டு கழித்து இருபத்துநாலு என்று சொகுசாக ஓட்டியிருக்கிறாள். பாதல் அரைப் பாய்ச்சல், அதாவது இரண்டு தப்படி, முன்னால் எழும்பியது. அப்படியானால் இருபத்தாறுதான் நிஜம்.

அன்றைக்கு அவர் சொன்ன எண் சரி. ஏழு வருஷமாக எந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்று இருந்தாரோ அது தெரிந்துவிட்டது. தெரிந்த நிமிஷத்திலேயே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அவர் தலையிலிருந்து இறங்கிய பாரம் வேறெங்கும் போகாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தலையில்தான் போய் ஏறும். ஏழு வருஷத்துக்கப்புறம் முதல்தடவையாக அவருக்கு நெஞ்சு வலித்தது. அழ வேண்டும் போலிருந்தது, மருந்து வாங்க நிற்கிறவர்கள் நடுவே எப்படி அழுவது?

"அன்னிக்கு மட்டும் ஏன் அப்படியாச்சுன்னு எனக்குப் புரியவே இல்லப்பா" என்றாள் அவள். "எப்பவும் செஞ்ச மாதிரிதான் செஞ்சேன்." அவர் முகத்தைப் பார்க்காமல், கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அன்னிக்கு இருபத்தாறுன்னு சொன்னேளே. நடந்ததை அப்படியே சொன்னேளா, குறைச்சுண்டு சொன்னேளா?"

நடையின் கோடியில் யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அவர்கள் பெயர் இல்லை.

உத்தியோக காலம் முழுக்க ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாத வைத்தீஸ்வரன் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படியேதான் சொன்னேன். இருபத்தாறு எண்ணினேன், இருபத்தாறு சொன்னேன். நீ ஓட்டினதுதான் சரி." நிறுத்தினார். போதவில்லை என்று தோன்றியது. "பாதலுக்கு வயசாயிடுத்தும்மா. அவ்வளவுதான்."

தன் அடியை அளந்து பார்த்த மனிதர், தேதி ஞாபகம் வைத்திருக்கும் மனிதர், கழிக்காமல் ஓர் எண்ணைச் சொல்லியிருப்பாரா என்பதை அவளும் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவள் இன்ஜினியர். அவர் பெண்.

"சரிப்பா" என்றாள்.

களத்தில் ஒவ்வொரு தடைக்கும் சொன்ன அதே சரிப்பா. இத்தனை வருஷம் அதைக் கேட்டுப் பூரித்திருக்கிறார். அவர் சொன்னதில் எவ்வளவைக் கழித்துக்கொண்டு அவள் அதைச் சொல்வாள் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மருந்துச் சீட்டு வந்தது. அவள் எழுந்து கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். வாசல் வரைக்கும் அவர் வைத்த குட்டைத் தப்படிக்குச் சரியாகத் தன் அடியைச் சேர்த்து வைத்தபடி அவள் நடந்தாள். அவர் எண்ணவில்லை.